மழைக்கு அழும் டெல் சோல்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

ஹோண்டா 1992-இல் ஜப்பானில் இறக்கிய சிஆர்-எக்ஸ் டெல் சோல் கார் அமெரிக்காவுக்கு 1993 மாடலாக வந்து 1997 மாடலோடு நின்றுபோனது. அடியில் இருப்பது ஐந்தாம் தலைமுறை சிவிக். மேலே இரண்டே இருக்கை, தலைக்கு நேரே கழற்றி எடுக்கக்கூடிய ஓர் அலுமினியக் கூரை. எடை சுமார் 11 கிலோதான், தனி ஆளாகவே தூக்கிவிடலாம். தூக்கி டிக்கிக்குள் அதற்கென்று இருக்கும் ரேக்கில் படுக்கவைத்தால், அதற்கடியில் மளிகைப் பைகளுக்கு இன்னும் இடம் இருக்கும். செலவும் சிவிக்குக்கு ஆகிற செலவுதான். 'டெல் சோல்' என்றால் ஸ்பானிஷ் மொழியில் 'சூரியனின்' என்று பொருள். மழை ஊரில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயர் கொஞ்சம் குத்தலாகத்தான் படும்.

நான் இருப்பது சியாட்டில் பக்கம். அக்டோபரில் தொடங்கும் தூறல் வசந்தம் வரை விடாது. என்னுடையது 1995 எஸ்ஐ, 125 குதிரைத்திறன் டி16இசட்6 எஞ்சின். கீழே சொல்வதில் பெரும்பகுதி 102 குதிரைத்திறன் எஸ் மாடலுக்கும் 160 குதிரைத்திறன் விடெக் மாடலுக்கும் பொருந்தும். இடது, வலது என்று நான் எழுதுவதெல்லாம் அமெரிக்க வண்டியை வைத்து, அதாவது ஓட்டுநர் இடப்பக்கம்.

தோளில் சொட்டுகிறது, சீட் பெல்ட் ஈரமாக இருக்கிறது

டெல் சோல்காரர்கள் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் முதலில் சொல்வது இதைத்தான். ஒழுகல் அந்தக் காலத்திலேயே பெரிய புகாராகி, டீலர்களுக்கு ஹோண்டா தனியாகச் சேவைக் குறிப்பு அனுப்பும் அளவுக்குப் போனது. ஆகவே உங்கள் வண்டி மட்டும் சாபம் வாங்கியது என்று நினைக்க வேண்டாம்.

ஏன் ஒழுகுகிறது என்று முதலில் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்தக் கார்க் கதவில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. கண்ணாடி மேலே ஏறி, கூரையின் ஓரத்தில் இருக்கும் பீடிங் ரப்பரில் போய் அழுந்தி நின்றால்தான் நீர் உள்ளே வராது. முன்கண்ணாடித் தூண், கழற்றும் கூரை, இருக்கைக்குப் பின்னால் நிற்கும் வளைவு என்று மூன்று துண்டுகளைச் சேர்த்து ஒரே கண்ணாடி மூட வேண்டியிருக்கிறது. துண்டுகள் சேரும் இடங்கள்தான் வீக்கான இடங்கள்: முன்மேல் மூலையும் பின்மேல் மூலையும். கண்ணாடி இரண்டு மில்லிமீட்டர் வெளியே சாய்ந்து நின்றாலும் போதும், மழை வழி கண்டுபிடித்துவிடும்.

எல்லாரும் செய்யும் முதல் தவறு, ரப்பர் செத்துவிட்டது என்று முடிவுகட்டி புது ரப்பருக்கு அலைவது. புது ரப்பர் விலையும் அதிகம், இன்றைக்குக் கிடைப்பதும் கஷ்டம். போட்ட பிறகும் கண்ணாடி அதே கோணத்தில் நின்றால் அதே இடத்தில்தான் ஒழுகும். முதலில் கண்ணாடி நிற்கும் நிலையைப் பாருங்கள். ரப்பர் அப்புறம்.

சோதனை இப்படி. ஒரு தாளை நீளநீளமாக இரண்டு விரல் அகலத்தில் கிழித்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டைக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, மெதுவாக இழுங்கள். பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் அந்த இடம் சரி. சொல்லாமல் கொள்ளாமல் வழுக்கி வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. கண்ணாடியின் மேல் விளிம்பு முழுக்க ஒரு சாண் இடைவெளியில் இதைச் செய்து, தளர்வான இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

அப்புறம் தண்ணீர். தோட்டத்து ஹோஸை அழுத்தமில்லாமல், முனையில் எதுவும் மாட்டாமல், சும்மா வழியவிட வேண்டும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், அது நல்ல ரப்பரையும் தாண்டி உள்ளே போய்க் குழப்பிவிடும். கீழிருந்து மேலே போங்கள். கதவின் நடுவில் ஒரு நிமிடம், முன்மூலையில் ஒரு நிமிடம், கூரையின் ஓரத்தில் ஒரு நிமிடம். நேரே மேலே ஊற்றினால் எல்லா இடமும் சேர்ந்து நனைந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார வேண்டும்.

நான் என் மனைவியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தேன். முன்மூலைதான் காரணம் என்று எனக்கு அசையாத நம்பிக்கை, ஏனென்றால் தண்ணீர் தேங்கியது கால்வைக்கும் இடத்தில். முன்மூலையில் இரண்டு நிமிடம் ஊற்றியும் ஒன்றும் இல்லை. ஹோஸைப் பின்பக்கம் கொண்டுபோன பத்தாவது நொடி உள்ளிருந்து குரல்: "என்னங்க, நிறுத்துங்க, தோள் மேலேயே விழுது!" கண்ணாடியின் பின்மேல் மூலையில் நுழைந்த நீர் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கி, இருக்கைக்கு அடியில் போய், தரை சரிவாக இருந்ததால் முன்னால் ஓடித் தேங்கியிருக்கிறது. தண்ணீர் நிற்கும் இடம் வேறு, வரும் இடம் வேறு.

இடம் தெரிந்த பிறகு கண்ணாடியைத் திருத்தலாம். கதவின் உள்பலகையைக் கழற்றி, பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் ஒதுக்கினால், கண்ணாடியின் வழித்தடங்களைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தெரியும். கதவின் அடிப்பகுதியில் இருப்பவை கண்ணாடியை உள்ளே, வெளியே சாய்ப்பவை. எதைத் தொடுவதற்கு முன்னும் அதன் இப்போதைய நிலையை மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வையுங்கள், போனிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு போல்ட், அதிலும் சின்ன அசைவு. பிறகு கதவைச் சாத்தித் தாள் சோதனை. பேராசைப்பட்டு அதிகம் உள்ளே சாய்த்தால் கதவை அடிக்கும்போது கண்ணாடி விளிம்பு ரப்பரின் உதட்டைக் கிழித்துவிடும், அல்லது கதவே பாதியில் நிற்கும். ஒரு பக்கத்துக்கு எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. கூச்சப்பட ஒன்றும் இல்லை.

ரப்பர் காய்ந்து தட்டையாகியிருந்தாலும் வெடிக்காத வரை உயிர் கொடுக்க முடியும். சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஷின்-எட்சு சிலிகான் கிரீஸை விரல் நுனியில் எடுத்து மெல்லிசாகத் தேய்த்துவிட்டு ஓர் இரவு விடுங்கள். இது ஹோண்டா டீலர் கவுண்டரிலேயே கிடைக்கும், சின்ன டியூப், பார்த்தால் விலை அநியாயமாகத் தெரியும், ஆனால் இரண்டு மூன்று வருடம் வரும். வாசலின், எஞ்சின் கிரீஸ் போன்ற பெட்ரோலியப் பொருள்கள் வேண்டாம். அவை ரப்பரை ஊதவைத்துவிடும்.

இன்னொன்று. என் வண்டியை எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஒரு பட்டறையில் கொடுத்திருக்கிறார். அங்கே கூரை ஓரம் முழுக்கக் கறுப்பு சிலிகானை அப்பி "வேலை முடிந்தது" என்று அனுப்பியிருக்கிறார்கள். வெயில் வந்ததும் கூரையைக் கழற்றியபோது சிலிகானோடு ரப்பரும் பிய்ந்து வந்திருக்கிறது. கழற்றும் கூரையை ஒட்டிவைப்பது குடையைத் தைத்துவைப்பது மாதிரி.

கூரையை மாட்டிய நாளிலிருந்துதான் ஒழுகுகிறது

அப்படியானால் கண்ணாடியைத் தொட வேண்டாம், மாட்டியதில்தான் பிழை. கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட்டுத்தான் கூரையை வைக்க வேண்டும். முன்பக்கத்தை முதலில் சரியாகப் பொருத்தி, பின்பக்கத்தைக் கையால் அழுத்தி, பிறகு இரு பக்கப் பூட்டுகளையும் மாட்டுங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கூரை அரை மில்லி கோணலாக உட்காரும். பூட்டியதும் ரப்பரின் உதடு எங்காவது உள்ளே மடிந்திருக்கிறதா என்று விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். ஒரு வேப்பிலை அளவு சருகு நடுவில் மாட்டினாலும் ஒழுகும்.

கால்வைக்கும் இடத்தில் தண்ணீர், ஆனால் மேலே எல்லாம் காய்ந்திருக்கிறது

ஹோஸ் சோதனையில் கண்ணாடி பாஸ் ஆகிவிட்டது, ஆனாலும் வலப்பக்கப் பயணியின் காலடியில் ஈரம் என்றால் பானட்டைத் திறந்து வைப்பருக்கு அடியில் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். மரத்தடியில் நிற்கும் வண்டியில் இலையும் சேறும் அடைத்து, நீர் வெளியேற வழியில்லாமல் காற்று உள்ளிழுக்கும் வாய் வழியாகக் காருக்குள் இறங்கும். கையால் அள்ளி எடுத்துவிட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் அது சக்கரத்துக்குப் பின்னால் தரையில் கொட்ட வேண்டும்.

இந்த இடத்து ஈரத்தை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். எஞ்சினை நடத்தும் கணினிப் பெட்டி பயணியின் காலடியில், வலப்பக்கப் பலகைக்குப் பின்னால்தான் இருக்கிறது. அது நனைந்தால் வரும் கோளாறுகளுக்குத் தலையும் இருக்காது வாலும் இருக்காது.

கதவைத் திறந்து மூடும்போது உள்ளே 'சளக்' என்று சத்தம் வந்தால் கதவின் அடி விளிம்பில் இருக்கும் வடிகால் துளைகள் அடைத்திருக்கின்றன. ஒரு குச்சி போதும்.

காலையில் எல்லாக் கண்ணாடியும் உள்பக்கம் பனி மூடியிருக்கிறது

ஒழுகலை அடைத்த பிறகும் இது நீடித்தால், பழைய தண்ணீர் இன்னும் தரைவிரிப்புக்கு அடியில் இருக்கிறது என்று பொருள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் இருக்கும் தடித்த பஞ்சு அடுக்கு சொதசொதவென்று இருக்கும். ஹீட்டர் போட்டு ஓட்டினால் காயாது. இருக்கைகளைக் கழற்றுங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு போல்ட்தான். விரிப்பைத் தூக்கி அடியில் கட்டை வைத்து இரண்டு நாள் ஃபேன் ஓடட்டும். அப்போதே தரைத் தகட்டில் துரு பிடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

டிக்கியில் ஸ்டெப்னி குளிக்கிறது

பெரும்பாலும் பின்விளக்குகளின் கேஸ்கட். முப்பது வருடத்தில் அது பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். விளக்கைக் கழற்றி, பழையதைச் சுரண்டி, பியூட்டைல் டேப் சுற்றி மாட்டினால் முடிந்தது. நட்டுகளைச் சமமாக இறுக்குங்கள், வெறி பிடித்து இறுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும். பின்சக்கர வளைவின் உள்ளோரத்தையும் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள், இந்தத் தலைமுறை சிவிக்குகள் முதலில் துருப்பிடிப்பது அங்கேதான்.

வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை, ஆறினால் ஆகிறது

அக்கால ஹோண்டாக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த நோய். டெல் சோலில் கொஞ்சம் கூடுதலாக வரும் என்பது என் சொந்தக் கணிப்பு. கூரையைக் கழற்றி நிறுத்தினால் டேஷ்போர்டு நேரடியாக வெயிலில் வேகிறது அல்லவா? அதற்கு அடியில், ஓட்டுநர் பக்கம், பிஜிஎம்-எஃப்ஐ மெயின் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ஒரே பெட்டிக்குள் இரண்டு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச். கணினிப் பெட்டிக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் இது வழியாகத்தான் போகிறது. உள்ளே இருக்கும் ஈயப்பற்றுகள் சூட்டிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி, நாளடைவில் மயிரிழை வெடிப்பு விடும். சூடானால் வெடிப்பு திறக்கிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் இழுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போய்ச் சேரும்போது வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆகி நம் மானத்தை வாங்குகிறது.

ஸ்டார்ட் ஆகாத அந்த நேரத்தில் செய்ய வேண்டிய சோதனை: ரேடியோ, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள். செக் எஞ்சின் விளக்கு சுமார் இரண்டு நொடி எரிந்து அணைய வேண்டும், அதே இரண்டு நொடி பின்னாலிருந்து பெட்ரோல் பம்ப் 'ர்ர்ர்' என்று முனக வேண்டும். விளக்கு வந்து போகிறது, முனகல் இல்லை என்றால் முதல் சந்தேகம் ரிலே, அடுத்தது பம்ப். முனகல் கேட்கிறது, ஆனாலும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் ரிலேயை விடுங்கள், அடுத்த பகுதிக்குப் போங்கள்.

நடு வழியில் நின்றால் கண்ணாடிகளை இறக்கி, நிழல் விழ வைத்துக் காத்திருங்கள். ஆறியதும் சாவியை ஆன், ஆஃப் என்று சில தடவை போட்டால் பெரும்பாலும் ஒரு தடவை முனகல் கேட்கும், உடனே ஸ்டார்ட் அடியுங்கள். வீட்டுக்கு வந்து சேர இது போதும். நிரந்தர வைத்தியம் புது ரிலே, அல்லது பழையதைத் திறந்து மறுபடி ஈயம் வைப்பது. மூடியை நெம்பி எடுத்து, சர்க்யூட் போர்டின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஒவ்வொரு காலைச் சுற்றியும் ஈயத்தில் மெல்லிய கறுப்பு வளையம் தெரியும். அதுதான் வெடிப்பு. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். ரிலே இருக்கும் இடத்தில் கையை நுழைத்து எடுப்பதற்குள் முழங்கை தேய்ந்துவிடும், அதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி. பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றிவிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அணைகிறது

வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது, கியரில் இருக்கிறது, எஞ்சினும் சுழல்கிறது, ஆனால் ஆர்பிஎம் முள் மட்டும் ஒரே நொடியில் பூஜ்யத்துக்கு விழுகிறது. இதைக் கவனித்தீர்கள் என்றால் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பொறியைக் கிளப்பிவிடும் இக்னைட்டரைச் சந்தேகியுங்கள். முள் மெதுவாக, எஞ்சினோடு சேர்ந்து இறங்கினால் பெட்ரோல் பக்கம் பாருங்கள்.

1995 வரையிலான வண்டிகளில் கோளாறு எண்ணைப் படிக்கக் கருவி தேவையில்லை. கிளவ் பாக்ஸுக்கு அடியில், வலப்பக்க ஓரத்தில், எதிலும் மாட்டாமல் தொங்கும் இரண்டு முனை சர்வீஸ் கனெக்டர் ஒன்று இருக்கும். ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டுச் சாவியை ஆன் செய்தால் செக் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டும். நீண்ட சிமிட்டு பத்து, குட்டிச் சிமிட்டு ஒன்று. ஒரு நீளம், ஐந்து குட்டி வந்தால் 15, அதாவது இக்னைட்டர் பக்கத்துக் கோளாறு. 4, 8, 9 மூன்றும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சார்களைச் சொல்பவை. மூன்றும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால் தனித்தனியாக மாற்றிக்கொண்டிருக்காமல் முழு டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றுவது மிச்சம். 1996, 97 வண்டிகளுக்குக் கோளாறு எண்ணைப் படிக்கும் ஓபிடி-2 ஸ்கேனர் மாட்ட வேண்டும்.

மூடியைக் கழற்றும்போது உள்ளே எண்ணெய் இருந்தாலோ, செம்பழுப்புத் தூள் படிந்திருந்தாலோ சீலும் பேரிங்கும் போய்விட்டன. அதற்கு மேல் அந்த டிஸ்ட்ரிபியூட்டரில் காசு போட வேண்டாம்.

பின்கண்ணாடி இறங்கியது, ஏறமாட்டேன் என்கிறது

தலைக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் அந்தக் கண்ணாடி மோட்டாரில் இறங்கி ஏறுவது இந்தக் காரின் மிக நல்ல விஷயம். கூரை மூடியிருந்தாலும் அதை இறக்கினால் காற்று பிய்த்துக்கொண்டு வரும். நின்றுவிட்டால் ஃப்யூஸ், அடுத்து ஸ்விட்ச். ஸ்விட்சை அழுத்தும்போது மோட்டார் முக்கும் சத்தம் கேட்டால் பாதை வறண்டிருக்கிறது. ஒருவர் ஸ்விட்சை அழுத்த, இன்னொருவர் இரு உள்ளங்கையாலும் கண்ணாடியை நேராகத் தூக்கிக்கொடுத்தால் ஏறிவிடும். பிறகு ஓரத் தடங்களில் சிலிகான் ஸ்ப்ரே.

கூரையிலிருந்து கீச், பின்னாலிருந்து டொக்

கீச்சென்றால் காய்ந்த ரப்பர், அதே ஷின்-எட்சு கிரீஸ்தான் மருந்து. நேர் சாலையில் சும்மா இருந்து, வண்டிப்பாதையின் மேட்டில் சாய்வாக ஏறும்போது மட்டும் கடகடத்தால் பூட்டுகள் தளர்ந்திருக்கின்றன. மேல்தகடு நிரந்தரமாக இல்லாத எந்தக் காரின் உடலும் கொஞ்சம் முறுக்கும், அதை முழுக்க நிறுத்த முடியாது. எங்கே காற்று சீறுகிறது என்று தெரியாவிட்டால் கூரையின் ஒவ்வோர் இணைப்பின் மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டி நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வந்தால் எந்தப் பட்டையைப் பிரித்ததும் சீறல் திரும்புகிறதோ அதுதான் இடம்.

வேகத்தடையில் பின்னாலிருந்து வரும் கனமான 'டொக்' வேறு கதை. அது டிரெய்லிங் ஆர்ம் புஷ், அதாவது பின்சக்கரத்தைத் தாங்கும் கையை உடலோடு சேர்க்கும் ரப்பர் உறை, இந்தத் தலைமுறை சிவிக் எல்லாவற்றிலும் ரப்பர் கிழிகிற இடம். பிரஸ் வைத்து அழுத்தி மாற்ற வேண்டும், வீட்டு வாசலில் சுத்தியலோடு முயன்று பார்க்கும் வேலை இல்லை.

டிரான்ஸ்டாப் பாதியில் நிற்கிறது

டிரான்ஸ்டாப் என்பது கூரையைத் தானே கழற்றி டிக்கிக்குள் வைக்கும் மோட்டார் அமைப்பு. அமெரிக்காவில் விற்ற வண்டிகளில் இது கிடையாது, ஜப்பானிலும் ஐரோப்பாவிலும்தான். ஆனால் 25 வருடம் பழைய வண்டிகளை அமெரிக்காவுக்குள் அனுமதிக்கும் விதியில் ஜப்பான் வண்டிகளை இறக்குமதி செய்கிறவர்கள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். ஸ்விட்சை அழுத்தினால் டிக்கி மூடி படுத்தவாக்கிலேயே மேலே எழும்பி, அதிலிருந்து கைகள் நீண்டு கூரைக்குள் நுழைந்து, அதை உருவிக்கொண்டு இறங்கும். பார்ப்பதற்கு ஆளை நிற்கவைக்கும் காட்சி. நடுவில் நின்றால் முதலில் பேட்டரியைச் சார்ஜ் போடுங்கள், சமதரையில் வண்டியை நிறுத்துங்கள், கூரைப் பூட்டுகள் முழுக்கத் திறந்திருக்கின்றனவா பாருங்கள். அந்தக் கைகளை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு பக்கம் ஒரு விரற்கடை முந்திக்கொண்டாலும் கூரை கோணலாகச் சிக்கும், அதற்குப் பிறகு அதை வெளியே எடுக்க நான்கு பேர் வேண்டும்.